வாசகர் கேள்வி - பதில்: மனை வாங்குமுன் இணையத்தில் எதைத் தேடுவது?

கேள்வி: திருச்சி பஞ்சப்பூரில் புதிய பேருந்து முனையம் வந்த பிறகு, சுற்றியுள்ள கிராமங்களில் மனை வாங்கிப் போடும்படி உறவினர்கள் வற்புறுத்துகிறார்கள். நான் வேலை பார்ப்பது ஓசூரில். தரகர் ஒருவர் 2010 முதலான வில்லங்கச் சான்றை (சொத்தின் மீது பதிவான கிரயம், அடமானம் போன்றவற்றின் பட்டியல்) கைப்பேசிக்கு அனுப்பியிருக்கிறார்; அதில் வில்லங்கம் எதுவும் இல்லை. இது போதுமா? நேரில் அலையாமல் வேறு எதையெல்லாம் பார்க்க முடியும்?
- வாசகர், ஓசூர்

பதில்: போதாது. தரகர் அனுப்பியதை ஓரமாக வைத்துவிட்டு, பதிவுத்துறையின் டி.என்.ரெஜிநெட் தளத்தில் நீங்களே தேடிப் பாருங்கள். பார்வையிடுவதற்குக் கட்டணம் இல்லை. பல சார்பதிவாளர் அலுவலகங்களுக்கு 1975 முதலான பதிவுகள் அதில் கிடைக்கின்றன. எந்த எண்ணைக் கொடுத்துத் தேடுகிறீர்கள் என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. மனையின் இன்றைய புல எண் (சர்வே எண்) 112/3அ1 என்று வைத்துக்கொள்வோம். அதை மட்டும் கொடுத்தால், 112/3 என்ற பெரிய நிலம் உட்பிரிவு ஆன பிறகு அந்த எண்ணில் பதிவான பத்திரங்களே வரும். அதற்கு முன் 112/3 முழுவதையும் யாராவது அடமானம் வைத்திருந்தாலோ வேறொருவருக்குக் கிரயம் செய்திருந்தாலோ அது உங்கள் கண்ணில் படாது. ஆகவே 112/3 என்ற தாய் எண்ணையும் சேர்த்துத் தேட வேண்டும். 1979 முதல் 1987 வரை நடந்த யு.டி.ஆர். என்ற நிலப் பதிவேடுகளைப் புதுப்பிக்கும் பணியின்போது பல கிராமங்களில் எண்கள் மாறியிருப்பதால், மூலப்பத்திரத்தின் நகலை வாங்கி அதிலுள்ள பழைய எண்ணையும் ஒருமுறை போட்டுப் பார்ப்பது நல்லது. கிடைக்கும் பட்டியலில் 'முந்தைய ஆவண எண்' என்றொரு பகுதி இருக்கும். அதைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு பத்திரமாகப் பின்னோக்கிச் சென்றால், எந்த ஆண்டில் உரிமைச் சங்கிலியின் கண்ணி அறுந்திருக்கிறது என்பது தெரிந்துவிடும்.

உயில், பதிவு செய்யாத கிரய ஒப்பந்தம், குடும்பச் சொத்தை விற்றபோது கையெழுத்து வாங்காமல் விடப்பட்ட மகள்களின் பங்கு ஆகியவை வில்லங்கச் சான்றில் வருவதில்லை. நீதிமன்ற வழக்குகளை இ-கோர்ட்ஸ் தளத்தில் விற்பவரின் பெயரைக் கொடுத்துத் தேடலாம். ஆனால் பெயரை ஆங்கிலத்தில் எழுதும் விதம் ஆளுக்கு ஆள் வேறுபடும் என்பதால், நான்கைந்து விதமாக எழுதிப் பார்க்க வேண்டியிருக்கும்.

அடுத்தது வருவாய்த்துறையின் இ-சேவைத் தளம். பட்டா, அ-பதிவேடு (நிலத்தின் வகையைக் காட்டும் கிராமக் கணக்கு), புலப்படம் (நிலத்தின் அளவு வரைபடம்) மூன்றையும் அதில் எடுக்கலாம். பட்டாவில் பரப்பு ஹெக்டேர், ஏர் கணக்கில் இருக்கும். '0 - 04.50' என்று கண்டால் அது நாலரை ஏர், அதாவது 450 சதுர மீட்டர். சென்ட்டில் சுமார் 11.12. தரகர் "பன்னிரண்டு சென்ட் சார்" என்று அடித்துச் சொல்லும்போது, இந்தக் கணக்கை வைத்துக்கொண்டு மௌனமாக இருப்பதில் ஒரு சுகம் உண்டு. அ-பதிவேட்டில் நிலத்தின் வகைப்பாட்டைப் பாருங்கள். வாய்க்கால், குளம், மேய்க்கால் போன்ற புறம்போக்கு என்று இருந்தால் மேற்கொண்டு பேச வேண்டியதில்லை. புலப்படத்தில் மனைக்குச் செல்லும் பாதை இருக்கிறதா, அல்லது அந்தப் பாதை அடுத்தவர் நிலத்தின் மீது போகிறதா என்பதைக் கவனிக்க வேண்டும். இத்தனைக்கும் பிறகு நிலத்தைத் தற்போது அனுபவித்து வருபவர் யார் என்று அறிய, ஒருநாள் விடுப்பு எடுத்து நேரில் போய்ப் பக்கத்து நிலத்துக்காரரிடம் விசாரித்துத்தான் ஆக வேண்டும்.

கேள்வி: விற்பனைத் தளங்களில் ஒரே தெருவுக்குச் சதுர அடி 1,800 என்றும் 3,000 என்றும் போடுகிறார்கள். உண்மை விலையை எப்படி அறிவது?
- வாசகி, தஞ்சாவூர்

பதில்: அவையெல்லாம் கேட்கும் விலைகள், கைமாறிய விலைகள் அல்ல. பதிவுத்துறைத் தளத்தில் தெருவாரியாகவும் புல எண்வாரியாகவும் காணப்படும், அரசு நிர்ணயித்த வழிகாட்டி மதிப்பும் சந்தை விலை ஆகாது. முத்திரைத்தீர்வை 7 சதவீதமும் பதிவுக்கட்டணம் 2 சதவீதமும் கணக்கிடுவதற்கான குறைந்தபட்ச மதிப்பு அது. அக்கம்பக்கத்துப் புல எண்களுக்கும் வில்லங்கம் போட்டுப் பாருங்கள் என்பது என் யோசனை. ஒவ்வொரு கிரயத்தின் கீழும் 'கைமாற்றுத் தொகை' குறிக்கப்பட்டிருக்கும். பலர் அதைக் குறைத்தே காட்டுகிறார்கள் என்பதை மறக்காமல், வங்கிக் கடனோடு நடந்த கிரயங்களின் தொகைக்குக் கூடுதல் மதிப்புக் கொடுங்கள். சென்னை, கோவை போன்ற நகரங்களில் அடுக்ககம் வாங்குவோர், தேசிய வீட்டுவசதி வங்கி காலாண்டுதோறும் வெளியிடும் ரெசிடெக்ஸ் என்ற வீட்டு விலைக் குறியீட்டையும் பார்க்கலாம். ஆனால் அது நகரத்தின் போக்கைக் காட்டுமே தவிர உங்கள் தெருவின் விலையைச் சொல்லாது.

கேள்வி: "ரெரா எண் வந்துகொண்டிருக்கிறது, இப்போதே பாதிப் பணம் கட்டினால் அறிமுக விலை" என்கிறார்கள். கட்டலாமா?
- வாசகர், தாம்பரம்

பதில்: கூடாது. ரெரா என்பது மனை, அடுக்ககத் திட்டங்களைப் பதிவு செய்து கண்காணிக்கும் ஒழுங்குமுறை ஆணையம். 500 சதுர மீட்டருக்கும் எட்டு வீடுகளுக்கும் மேற்பட்ட திட்டத்தை, பதிவு எண் பெறாமல் விளம்பரப்படுத்துவதையே 2016-ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் தடுக்கிறது. எண்ணைத் தருவார்களேயானால் தமிழ்நாடு ரெரா தளத்தில் அதைத் தேடி, திட்ட அனுமதியையும் முடிப்பதாக ஒப்புக்கொண்ட தேதியையும் பாருங்கள். அதே நிறுவனத்தின் மீது முன்பு வந்த புகார்களுக்கான உத்தரவுகளையும் அங்கேயே தேடிப் படியுங்கள். அப்போதும், விற்பனை ஒப்பந்தத்தைப் பதிவு செய்யாமல் 10 சதவீதத்துக்கு மேல் வாங்க அவர்களுக்கு உரிமை இல்லை.