இன்றைய பிரெஞ்சுப் படங்களை எங்கிருந்து படிப்பது? – கேள்வி பதில்

கேள்வி: அண்ணா, எம்.ஏ. ஊடகவியல் படிக்கிறேன். பிரெஞ்சு சினிமா என்றாலே 1960களின் 'புதிய அலை' இயக்குநர்கள் த்ரூஃபோ, கோதார் என்கிறார்கள். அங்கிருந்துதான் தொடங்க வேண்டுமா?

பதில்: வேண்டாம் தம்பி, நேராக 1995-க்கு வா. மத்தியூ கஸோவிட்ஸின் 'லா ஹேன்' படத்தைப் பார். 1993-இல் பாரிஸ் காவல் நிலையம் ஒன்றில் விசாரணையின்போது 17 வயது கறுப்பினப் பையன் சுட்டுக் கொல்லப்பட்டான். அந்தக் கோபத்தில் பிறந்த படம். யூதன், கறுப்பன், அரபு வம்சாவளிக்காரன் என மூன்று நண்பர்கள். ஏழைகள் வாழும் புறநகர் அடுக்குமாடியிலிருந்து ரயிலேறிப் பாரிஸுக்குள் வருகிறார்கள். வந்ததும் ஒரு ஷாட்: மூவரும் நகரத்துக்கு முதுகு காட்டி நிற்க, கேமரா நகர்ந்தபடியே ஜூம் ஆகிறது. ஆட்கள் அப்படியே இருக்க, பின்னால் பாரிஸ் மங்கிப்போகிறது. இரவு கடைசி ரயிலைத் தவறவிட்டதும் ஒண்ட இடமில்லை. சொந்த நாட்டுத் தலைநகரில் அவர்கள் அந்நியர்கள் என்பதை கஸோவிட்ஸ் வசனமே இல்லாமல் சொல்லிவிடுகிறார். அன்றைய பிரதமர் அலன் ஜுப்பே இந்தப் படத்தைத் தன் அமைச்சர்களுக்குத் திரையிடச் செய்தார்.

கேள்வி: நம் ஊரில் புறநகர் என்றால் வசதியானவர்களும் வீடு வாங்கிப் போகிறார்கள். அங்கே மட்டும் ஏன் இப்படி?

பதில்: பாரிஸைச் சுற்றிப் பணக்காரப் புறநகர்களும் உண்டு. படங்களில் வருபவை வேறு. இரண்டாம் உலகப் போருக்குப் பின் கடுமையான வீட்டுப் பஞ்சம். தொழிற்சாலை வேலைக்கு அல்ஜீரியா, மொராக்கோவிலிருந்து வந்தவர்கள் பாரிஸை ஒட்டிய நான்டேர் போன்ற இடங்களில் குடிசைகளில் இருந்தார்கள். அதற்குத் தீர்வாக 1950களிலிருந்து அரசு பிரம்மாண்ட அடுக்குமாடிகளைக் கட்டியது. 1970களில் ஆலைகள் மூடத் தொடங்கின. முடிந்தவர்கள் வெளியேற, முடியாதவர்களும் அவர்கள் பிள்ளைகளும் தங்கிவிட்டார்கள். 2005 அக்டோபரில் கிளிஷி-சு-புவா என்ற பாரிஸ் புறநகரில் போலீஸுக்குப் பயந்து துணை மின்நிலையத்துக்குள் ஓடிய இரு சிறுவர்கள் மின்சாரம் பாய்ந்து இறந்தார்கள். நாடே பற்றியெரிந்தது. அப்போது அரசு எடுத்தது பிரான்ஸுக்கு எதிரான அல்ஜீரிய விடுதலைப் போர்க் காலத்தின் 1955 நெருக்கடி நிலைச் சட்டம்! இந்த ஒரு தகவல் கையில் இருந்தால், பின்னால் வந்த பல படங்கள் உனக்குப் புரியும்.

கேள்வி: அரசையே திட்டும் படங்களுக்கு யார் சார் பணம் போடுகிறார்கள்?

பதில்: பெரும்பாலும் பொதுப்பணமும் தொலைக்காட்சிப் பணமும். 1946-இல் தொடங்கிய சி.என்.சி. என்ற அரசுத் திரைப்பட அமைப்பு இருக்கிறது. விற்கும் ஒவ்வொரு டிக்கெட்டிலும் 10.72 சதவீதம் அங்கே போகிறது, ஹாலிவுட் படமானாலும் சரி. சேனல்களும் சட்டப்படி படங்களில் முதலீடு செய்தாக வேண்டும். நாம் பொறாமைப்பட வேண்டிய ஏற்பாடு.

கேள்வி: 'தீபன்' பற்றி உங்கள் கருத்து? நான் ஈழத்துக்காரன், பாரிஸில் இருக்கிறேன்.

பதில்: இலங்கைப் போரிலிருந்து தப்பி வந்து பாரிஸ் புறநகரில் குடியேறும் தமிழர்களின் கதை. முதல் பாதி அபாரம். இருட்டில் நீல ஒளி மின்னி மின்னி நெருங்குகிறது. பார்த்தால் நம் ஆள் தெருவில் விற்கும் விளக்குத் தலைப்பட்டை. உறவே இல்லாத மூவர், இறந்தவர்களின் பாஸ்போர்ட்டில் குடும்பமாக நடிப்பதை ஷோபாசக்தியும் காளீஸ்வரியும் உயிரோடு காட்டினார்கள். 2015-இல் கான் திரைப்பட விழாவின் முதன்மை விருதான தங்கப்பனை கிடைத்தது. ஆனால் முடிவில் இயக்குநர் ழாக் ஓதியார் புறநகரை வெறும் போர்க்களமாக்கியது எனக்கு உடன்பாடில்லை. அங்கே வாழும் மற்றவர்களுக்கு அது அநியாயம்.

கேள்வி: ஆய்வுக்கட்டுரைக்கு ஒரு தலைப்பு சொல்லுங்கள் அக்கா/அண்ணா.

பதில்: 'லா ஹேன்' படத்தையும் லாஜ் லியின் 'லே மிஸராப்ல்' (2019) படத்தையும் சேர்த்து எடுத்துக்கொள்ளுங்கள். முன்னதில் நாம் பையன்களோடு நடக்கிறோம். பின்னதில் பெரும்பகுதி போலீஸ் காருக்குள் உட்கார்ந்திருக்கிறோம், மேலிருந்து ஒரு சிறுவனின் டிரோன் எல்லாவற்றையும் பார்க்கிறது. லி, பாரிஸ் புறநகரான மோன்ஃபெர்மேய்வாசி. தன் ஊரில் போலீஸ் வன்முறையை நிஜமாகவே படம் பிடித்தவர். யார் பார்க்கிறார்கள், யாரைப் பார்க்கிறார்கள் என்று காட்சி காட்சியாக எழுதுங்கள். 2005 கலவரத்தை நடுவில் வையுங்கள்.