அமெரிக்க ஃபுட்பாலில், சொந்த அணி ஆடாத பாணியில் ஆடும் எதிரணிக்கு டிஃபென்ஸ் (பந்து வைத்திருக்கும் எதிரணியை முன்னேறவிடாமல் நிறுத்தும் பிரிவு) எப்படிப் பயிற்சி எடுக்கிறது?

ஒரே வார்த்தையில் பதில் வேண்டுமென்றால் ஸ்கவுட் டீம். முதல் பதினொன்றில் இடம் கிடைக்காதவர்கள் அந்த வாரம் முழுக்க எதிரணியாக வேஷம் கட்டி, சொந்த டிஃபென்ஸுக்கு எதிராக ஆடுவார்கள். எதிரணி நட்சத்திரத்தின் எண் போட்ட மேல்சட்டையைக்கூட மாட்டிவிடுவதுண்டு. ஆனால் வேஷம் எவ்வளவு பொருந்தினாலும் வேகம் பொருந்தாது. சிக்கலே அங்கேதான்.

2018 செப்டம்பரில் ஓக்லஹோமா பல்கலைக்கழகமும் அமெரிக்க ராணுவக் கல்லூரி அணியான ஆர்மியும் மோதிய ஆட்டம் நல்ல உதாரணம். அப்போது ஓக்லஹோமா பந்தை வீசி வேகமாக முன்னேறும் அணி. அதன் டிஃபென்ஸ் தினமும் பார்த்தது அதைத்தான். ஆர்மியோ டிரிபிள் ஆப்ஷன் அணி, அதாவது பந்தோடு ஓடியே முன்னேறும் அணி; வீசுவதே அபூர்வம். 60 நிமிட ஆட்டத்தில் ஏறக்குறைய 45 நிமிடம் பந்து ஆர்மியிடமே இருந்தது. ஓவர்டைம் வரை போய்த்தான் ஓக்லஹோமா 28-21 என்று தப்பித்தது.

டிரிபிள் ஆப்ஷனில் குவார்ட்டர்பேக் (ஆட்டத்தை நடத்துபவர்) பந்தை ஃபுல்பேக்கின் (அவருக்குப் பின்னால் நிற்கும் ஓட்டக்காரர்) வயிற்றில் வைத்தபடியே, வேண்டுமென்றே தடுக்காமல் விட்ட ஒரு டிஃபெண்டரைப் பார்ப்பார். அவர் ஃபுல்பேக் மேல் பாய்ந்தால், பந்தை உருவிக்கொண்டு தானே ஓடுவார். அடுத்து தடுக்காமல் விட்ட இன்னொருவர் தன் மேல் வந்தால், பக்கத்தில் ஓடிவருபவருக்குத் தூக்கிப் போடுவார்; அதுதான் பிட்ச். ஆக, பந்தைத் தேடி ஓடும் டிஃபென்ஸ் ஒவ்வொரு முறையும் ஏமாறும். ஃபுல்பேக்குக்கு ஒருவர், குவார்ட்டர்பேக்குக்கு ஒருவர், பிட்சுக்கு ஒருவர் என்று பிரித்துக்கொண்டு, பந்து எங்கே இருந்தாலும் அவரவர் ஆளை அடித்தே ஆக வேண்டும்.

இதைப் பழக்க மிக நல்ல வழி, பந்தே இல்லாமல் ஆடவிடுவது. ஸ்கவுட் டீம் வெறுங்கையோடு ஓடும். டிஃபென்ஸில் மூவரும் தத்தம் ஆளைப் பிடித்தார்களா என்று மட்டும் பயிற்சியாளர் பார்ப்பார். பந்து கண்ணில் படாததால் பார்வை தானாக ஆள் மேல் திரும்பும். சிலர் இரண்டு பந்து வைப்பார்கள்: ஃபுல்பேக்கிடம் ஒன்று, குவார்ட்டர்பேக்கிடம் ஒன்று. என் கணிப்பில் முதல் இரண்டு நாளுக்குப் பந்தில்லாப் பயிற்சியே போதும்.

அடுத்த தலைவலி அட்டைகள். எதிரணி ஆட்டத்தை அட்டையில் வரைந்து ஸ்கவுட் டீமுக்குத் தூக்கிக் காட்டுவார்கள்; யார் யாரைத் தடுக்க வேண்டும் என்று கோடு போட்டிருக்கும். ஸ்னாப்புக்கு (ஆட்டம் தொடங்கப் பந்தைப் பின்னே கொடுக்கும் நொடி) முன் டிஃபென்ஸ் ஒரு அடி நகர்ந்துவிட்டால் அந்தக் கோடு பொய்யாகிவிடும். ஸ்கவுட் டீமின் லைன்மேன் (முன்வரிசையில் நின்று தடுப்பவர்) அட்டையில் இருக்கும் ஆளையே தேடிப் போவார். தடுக்காமல் விட வேண்டியவர் தடுபடுவார், தடுக்க வேண்டியவர் சும்மா நிற்பார். டிஃபென்ஸ் அந்தத் தப்பான காட்சியை மனப்பாடம் செய்துகொண்டு போட்டி நாளான சனிக்கிழமை களமிறங்கும். அதனால் முப்பது அட்டை காட்டுவதைவிட, எதிரணியின் மூன்று நான்கு அடிப்படை ஆட்டங்களின் தடுப்பு விதியை ஸ்கவுட் லைனுக்கே சொல்லிக் கொடுப்பது மேல். அதற்கு நேரம் பிடிக்கும். சீசனில் வாரத்துக்கு 20 மணி நேரம்தான் என்பது கல்லூரி விளையாட்டை நடத்தும் என்சிஏஏவின் விதி; அதில் போட்டி நாளே 3 மணி நேரமாகக் கழிந்துவிடும். ஆப்ஷன் அணி அட்டவணையில் இருந்தால் கோடைக்கால முகாமிலேயே சில நாளை இதற்கென்று ஒதுக்குபவர்கள் புத்திசாலிகள்.

இடுப்புக்குக் கீழே பாய்ந்து சாய்க்கும் கட் பிளாக்கைச் சொந்த அணிக்காரர் மேல் முழு வேகத்தில் பழக முடியாது, முட்டி போய்விடும். பெரிய ரப்பர் உடற்பயிற்சிப் பந்தைக் காலை நோக்கி உருட்டிவிடுவார்கள். இரு கைகளாலும் அதைக் கீழே அழுத்தி, கால்களைப் பின்னுக்கு இழுத்து, மறுபடி ஓட வேண்டும். 2022 முதல் கல்லூரி ஆட்டத்தில் இந்த பிளாக்குக்கு டேக்கிள் பாக்ஸுக்குள் (முன்வரிசையை ஒட்டிய நடுப்பகுதி) மட்டுமே அனுமதி என்பதால், இப்போது இந்தப் பயிற்சி முன்வரிசைக்கும் அதன் பின்னால் நிற்கும் லைன்பேக்கர்களுக்கும்தான் அதிகம் தேவை.

வேகக் குறையைச் சரிக்கட்ட ஸ்கவுட் லைனை அரை யார்டு முன்னே நிறுத்தலாம், அல்லது ஸ்னாப்புக்கு ஒரு நொடித் துளி முன்பே கிளம்பவிடலாம். ஏமாற்றுதான், பரவாயில்லை.

கடைசியில் நின்று காவல் காக்கும் சேஃப்டிகளுக்குத் தனிப் பாடம் உண்டு. வரிசையாகப் பத்து ஓட்டம் பார்த்த சேஃப்டி, பதினோராவதில் யோசிக்காமல் முன்னே பாய்வார். பிளாக் செய்ய வருவதுபோல வந்த ரிசீவர் (வீசும் பந்தைப் பிடிப்பவர்) அவரைத் தாண்டிப் போய்விடுவார். பயிற்சியிலும் முன்னறிவிப்பு இல்லாமல் நடுநடுவே ஒரு பாஸைச் செருக வேண்டும்.

ஹடில் (ஆட்டங்களுக்கு நடுவே கூடிப் பேசுவது) இல்லாமல் விரட்டும் அணிக்கு வைத்தியம் வேறு. அங்கே ஆட்டம் புரிவதைவிட மூச்சு வாங்க நேரமில்லாததே பிரச்சினை. இரண்டு ஸ்கவுட் டீமை அமைத்து, ஒன்று ஆடும்போதே மற்றது அட்டையைப் பார்த்துத் தயாராக நிற்கும். டிஃபென்ஸ் மட்டும் மாறாது.

தொழில்முறை லீகான என்எஃப்எல்லில் ஓடும் குவார்ட்டர்பேக்குகளைச் சமாளிக்கவும் இதே பாடுதான். பால்டிமோர் ரேவன்ஸ் குவார்ட்டர்பேக் லமார் ஜாக்சன் 2019-இல் 1,206 யார்டு ஓடினார். அப்படிப்பட்டவரின் வேடத்தை வழக்கமான மாற்று குவார்ட்டர்பேக்கால் போட முடியாது. ஆகவே கால் வேகமுள்ள ரிசீவர் ஒருவரை அந்த இடத்தில் நிறுத்துவதுண்டு. பந்து சரியாக வீச வராது, ஆனால் துரத்தும் கோணம் பழகிவிடும். இன்னொரு லாபமும் உண்டு: குவார்ட்டர்பேக் மேல் கை படக்கூடாது என்ற பயிற்சி விதியால் டிஃபெண்டர்கள் இரண்டு அடி முன்பே நின்றுவிடுவார்கள். ரிசீவர் என்றால் கடைசி அடி வரை ஓடி, இடுப்பைக் கட்டிப் பிடித்துத்தான் நிறுத்துவார்கள்.