குடியை விட்டாச்சு, தூக்கம் எங்கே?

கேள்வி: குடியை நிறுத்தி இரண்டு மாதம் ஆகிறது. ராத்திரி படுத்தால் நெஞ்சு படபடக்கிறது, தூக்கமே வருவதில்லை. நண்பரிடம் இருக்கும் தூக்க மாத்திரையை வாங்கிப் போட்டுக்கொள்ளலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம். தூக்க மாத்திரைகளில் பல, மூளையில் மது வேலை செய்யும் அதே காபா (மூளையை அமைதிப்படுத்தும் ரசாயனம்) அமைப்பில்தான் வேலை செய்கின்றன. ஒன்றை விட்டு இன்னொன்றில் மாட்டிக்கொள்வீர்கள். இத்தனை நாள் மது மூளையை அமுக்கி வைத்திருந்தது, அதை ஈடுகட்ட மூளை தன் விழிப்பு வேகத்தைக் கூட்டிக்கொண்டது, இப்போது மது போய்விட்டது, வேகம் மட்டும் இன்னும் தணியவில்லை. தணிய சிலருக்கு வாரங்கள், சிலருக்குப் பல மாதங்கள். 'ஒரே ஒரு பெக் போட்டால் தூங்கிவிடலாமே' என்று தோன்றும். தூங்குவீர்கள்தான், அப்புறம் பின்னிரவில் அதுவே எழுப்பிவிடும்.

தூக்கமின்மைக்கென்றே மாத்திரை இல்லாத மனநல சிகிச்சை இருக்கிறது, சி.பி.டி.-ஐ (CBT-I) என்பார்கள், மருத்துவரிடம் அதைக் கேளுங்கள். எப்போது தூங்கினாலும் எழும் நேரம் மாறக்கூடாது. 20 நிமிடம் போலப் புரண்டும் வரவில்லையா, எழுந்து வேறு இடத்தில் உட்காருங்கள், கடிகாரத்தைப் பார்க்காதீர்கள். மதியத்துக்கு மேல் காபி வேண்டாம் (குடியை விட்டவர்கள் காபிக்கும் சிகரெட்டுக்கும் தாவுவது தனிக்கதை). படபடப்பு பகலிலும் தொடர்ந்தால் அது தனியான பதற்ற நோயாக இருக்கலாம். அதற்கு அடிமைப்படுத்தாத மருந்துகள் உண்டு, பழைய குடிப்பழக்கத்தை மட்டும் மருத்துவரிடம் மறைக்காதீர்கள்.