மொழியியல் படிக்க இடம் மாறலாமா?

கேள்வி: அக்கா, அமெரிக்காவில் ஒரு மாநிலப் பல்கலைக்கழகத்தில் எஃப்-1 விசாவில் கணிதம் முதலாண்டு படிக்கிறேன். போன வருடம் விண்ணப்பித்த பெரிய பல்கலைக்கழகங்கள் எல்லாமே கைவிரித்துவிட்டன. முதல் செமஸ்டரில் ஜிபிஏ (நான்குக்குக் கணக்கிடும் சராசரி மதிப்பெண்) 3.9. சும்மா எடுத்த ஒரு மொழியியல் வகுப்பில், 'வந்துகொண்டிருக்கிறாள்' என்ற ஒரே சொல்லைப் பிரித்துப் பார்த்த நாளிலிருந்து அதே நினைப்புதான். ஆனால் இங்கே மொழியியலுக்குத் துறையே இல்லை. அந்த ஒரு பாடம்தான். டிரான்ஸ்ஃபர் மாணவியாக மறுபடி முயலலாமா? மார்ச்சில் கடைசித் தேதி. கட்டுரையை இப்படித் தொடங்கியிருக்கிறேன்: 'என் திறமைக்கு ஏற்ற சவாலை இந்தப் பல்கலைக்கழகத்தால் தர முடியவில்லை.' சரியாக இருக்கிறதா?

பதில்: முயலலாம். முதல் வேலையாக அந்த வரியை அடித்துவிடு, தங்கச்சி.

உன் கட்டுரையைப் படிப்பவர் அதே கோப்பில் உன் பேராசிரியரின் பரிந்துரைக் கடிதத்தையும் படிப்பார். உனக்காக நேரம் ஒதுக்கி எழுதிய ஒருவரின் இடத்தை நீ மட்டம் தட்டினால் நன்றாகவா இருக்கும்? அதைவிட நல்ல தொடக்கம் நீ எனக்கு எழுதிய கடிதத்திலேயே இருக்கிறது. 'வந்துகொண்டிருக்கிறாள்': வா, கொள், இரு என்று மூன்று வினைகள், அவற்றின் மேல் காலம், கடைசியில் 'அவள்'. அது எப்படி ஒரே சொல்லாக நிற்கிறது என்று நீ வியந்த அந்த வகுப்பிலிருந்து தொடங்கு. அப்புறம் நூலகத்தில் எதைத் தேடினாய், எந்த இடத்தில் மேலே போக வழியில்லாமல் நின்றாய் என்று சொல். நீ கேட்கும் பல்கலைக்கழகத்தில் அதற்கு அடுத்த படியாக எந்தப் பாடங்கள் இருக்கின்றன என்பதை அவர்களுடைய பாடப் பட்டியலைப் பார்த்துப் பெயர் சொல்லி எழுது. ஏன் மாற விரும்புகிறாய் என்பதுதான் டிரான்ஸ்ஃபர் விண்ணப்பத்தின் உயிர். உன்னிடம் உண்மையான காரணம் இருக்கிறது. அதை மறைத்துவிட்டு எதற்குப் பெருமை பேச வேண்டும்?

அடுத்து, எங்கே போடுவது. ஹார்வர்டு வருடத்துக்கு ஏறத்தாழ 12 டிரான்ஸ்ஃபர் மாணவர்களைத்தான் எடுக்கிறது. பிரின்ஸ்டன் 1990க்குப் பிறகு மூடியிருந்த கதவை 2018இல்தான் திறந்தது. அந்த முதல் வருடம் இடம் கிடைத்தது 13 பேருக்கு. கலிஃபோர்னியா பல்கலைக்கழக வளாகங்கள் டிரான்ஸ்ஃபரில் நிறையப் பேரை எடுக்கின்றன என்று கேள்விப்பட்டிருப்பாய். அங்கே முன்னுரிமை அந்த மாநிலத்துக் கம்யூனிட்டி காலேஜ்களிலிருந்து (இரண்டாண்டுப் படிப்பு தரும் அரசுக் கல்லூரிகள்) மூன்றாம் ஆண்டுக்கு வருபவர்களுக்கு. உனக்கு இப்போது அது பொருந்தாது. கார்னெல் வருடந்தோறும் நூற்றுக்கணக்கானவர்களைச் சேர்க்கிறது, மொழியியல் துறையும் உண்டு. மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தின் ஆம்ஹர்ஸ்ட் வளாகம் உன் உறவினர்கள் காதில் விழாத பெயராக இருக்கலாம். மொழியியல்காரர்களிடம் கேட்டுப் பார், அந்தத் துறையை எவ்வளவு மரியாதையோடு சொல்வார்கள் என்று தெரியும். பல்கலைக்கழகத்தின் பெயரைப் பார்க்காமல் துறையைப் பார்த்து மூன்று, நான்கு இடங்களுக்கு மட்டும் போடு.

ஒரு கசப்பான விஷயமும் உண்டு. ஒரு செமஸ்டர் மார்க்கோடு போனால் உன் பள்ளி மார்க்குகளும் மறுபடி மேசைக்கு வரும். இன்னொரு வருடம் படித்துவிட்டுப் போனால் கல்லூரி மார்க்குக்குத்தான் எடை கூடும். ஆனாலும் இந்த மார்ச்சிலேயே போடு என்றுதான் சொல்வேன். துறையே இல்லாத இடத்தில் இரண்டாம் ஆண்டும் போய்விட்டால், மொழியியலின் அடிப்படைப் பாடங்கள் அத்தனையும் கடைசி இரண்டு வருடத்தில் குவிந்துவிடும். இப்போது கிடைக்காவிட்டால் அடுத்த வருடம் இன்னும் பலமான மார்க்கோடு கேட்கலாம்.

பணத்தைப் பற்றி நீ ஒரு வார்த்தைகூட எழுதவில்லை. அதுதான் எனக்குக் கவலை. வெளிநாட்டு மாணவர்கள் உதவித்தொகை கேட்டால், பல இடங்களில் அதையும் வைத்துத்தான் இடம் தருவதா என்று முடிவு செய்கிறார்கள். விண்ணப்பத்தில் கேட்காமல் விட்டுவிட்டு, சேர்ந்த பிறகு கேட்டால் மறுத்துவிடும் இடங்களும் உண்டு. ஒவ்வொரு அட்மிஷன் அலுவலகத்துக்கும் தனித்தனியாக மின்னஞ்சல் எழுதிக் கேள். அம்மா அப்பாவிடம் தொகையைச் சொல்லிப் பேசிவிட்டுப் பிறகு பட்டியலை முடிவு செய்.

கிரெடிட்டும், அதாவது முடித்த பாடங்களுக்கான புள்ளிக் கணக்கும், பணம்தான். ஏற்காத பாடத்துக்குப் பதிலாக இன்னொன்றைக் காசு கட்டிப் படிக்க வேண்டியிருக்கும். நீ படித்த பாடங்களில் எவற்றை ஏற்பார்கள் என்பது பெரும்பாலும் இடம் கிடைத்த பிறகே தெரியும். ஒவ்வொரு பாடத்தின் சிலபஸையும் பத்திரமாக வைத்துக்கொள். பாடத்தின் தலைப்பை மட்டும் வைத்து முடிவு செய்ய மாட்டார்கள்.

பல பல்கலைக்கழகங்களுக்குச் சேர்த்து விண்ணப்பிக்கும் இணையதளமான காமன் ஆப்பில் மிட்டெர்ம் ரிப்போர்ட் என்று ஒரு படிவம் கேட்பார்கள். நடக்கும் செமஸ்டரில் இதுவரை என்ன மார்க் என்பதை உன் ஆசிரியர்களிடம் வாங்கி நிரப்ப வேண்டும். உன் படிப்பு நிலையைச் சொல்லும் காலேஜ் ரிப்போர்ட் என்ற படிவத்தை உன் கல்லூரி அலுவலகம் நிரப்பும். இரண்டையும் கடைசி வாரத்தில் கொண்டுபோய் நீட்டாதே.

முடிவுகள் மே, ஜூன் வரைகூட இழுக்கும். அதுவரை இப்போதைய இடத்தில் அடுத்த செமஸ்டருக்குப் பதிவு செய்துவிடு, அறையையும் விட்டுவிடாதே. இடம் கிடைத்தால் உன் இப்போதைய பல்கலைக்கழகத்தின் சர்வதேச மாணவர் அலுவலகம் உன் செவிஸ் பதிவை (வெளிநாட்டு மாணவர்களைப் பற்றிய அமெரிக்க அரசின் கணினிப் பதிவு) புதிய பல்கலைக்கழகத்துக்கு மாற்ற வேண்டும். உன் மாணவர் விசாவுக்கு ஆதாரமான ஐ-20 படிவம் புதிதாக அதற்குப் பிறகுதான் வரும்.

இந்த வாரமே அந்த மொழியியல் பேராசிரியரின் ஆபீஸ் ஹவர்ஸுக்கு, மாணவர்களைச் சந்திக்க அவர் ஒதுக்கும் நேரத்துக்கு, போ. எடுத்த எடுப்பில் பரிந்துரை கேட்காதே. அந்தச் சொல்லைப் பற்றி உனக்கு இன்னும் விளங்காதது எதுவோ அதைக் கேள். மாற நினைப்பதை ஒளிக்காமல் சொல், எந்தத் துறைகள் உனக்குப் பொருந்தும் என்று விசாரி. கடிதம் கேட்பதை அதற்குப் பிறகு வைத்துக்கொள்.