அண்ணாச்சி பதில்கள்: படகுல போய் எரிமலையில சறுக்குறவங்க

போன இதழ்ல அலாஸ்காவோட கட்மாய் கடற்கரைக்குப் படகுல போய், படகுலயே தங்கி, பகல்ல பனி மூடுன எரிமலைச் சரிவுல ஏறி, ஸ்கீங்கிற நீளக் கட்டைய கால்ல மாட்டி சறுக்கிட்டு ராத்திரிக்குத் திரும்ப படகுக்கே வந்து சேர்ற ஒரு கூட்டத்தப் பத்தி எழுதியிருந்தேன். அதுக்குக் கடிதம் கொட்டுது. களியக்காவிளை, செங்கோட்டை, கொழிஞ்சாம்பாறை, அந்தப் பக்கம் நகரி, புத்தூர்னு எல்லா எல்லையில இருந்தும் கேட்டிருக்கீங்க. முக்காவாசிப் பேருக்கு கரடியும் எரிமலையும் தான் கவலை. கடற்கரை ஊர்க்காரங்க மட்டும் தான் நேரா விஷயத்துக்கு வந்திருக்காங்க, அதனால அவங்க முதல்ல.

நீரோடியில இருந்து ஒரு மீனவர்: அண்ணாச்சி, பெரிய போட்ட ஆழத்துல நங்கூரம் போட்டு நிப்பாட்டிட்டு சின்ன ரப்பர் போட்டுல கரைக்குப் போறாங்க, சரி. அலை அடிக்கிற கரையில அவ்வளவு சாமானோட எப்படி இறங்குறது?

இதுல தான்யா மொத்த பயணமும் இருக்கு. ஸ்கீ பூட்ஸ மாட்டிக்கிட்டு யாரும் இறங்க மாட்டாங்க, அது கெட்டி பிளாஸ்டிக் கூடு, உள்ள கடல் தண்ணி புகுந்துச்சுன்னா அன்னிக்கு வேலை அவ்வளவு தான், விரல் விறைச்சுப் போகும். அதனால முழங்கால் வரைக்கும் வர்ற ரப்பர் பூட்ஸ், அலாஸ்காவுல எக்ஸ்ட்ராடஃப்னு பழுப்பு கலர்ல ஒண்ணு இருக்கு, அங்க மீன்பிடிக்கிறவங்க பாதிப்பேர் கால்ல அதுதான், அதப் போட்டுக்கிட்டு ஸ்கீ பூட்ஸ தண்ணி புகாத பையில கட்டி எடுத்துட்டுப் போவாங்க. பெரிய அலைங்க வரிசையா வந்து ஓய்ஞ்சு சின்ன அலை வர்ற நேரம் பாத்து உள்ள விடணும், மூக்கு மண்ணுல தட்டுனதும் முன்னால இருக்கிறவன் பக்கவாட்டுல குதிச்சுப் புடிக்கணும். போட்டுக்கு முன்னால, கரைப்பக்கமா மட்டும் நிக்கக் கூடாது, அடுத்த அலை போட்டத் தூக்கி ஆள் மேல போட்டுரும், இத நான் உங்களுக்குச் சொல்லணுமா.

ஆனா ஒண்ணு, நம்ம கரையில கடல் ஏறி இறங்குறது ஒரு மீட்டர் சுத்து தான். இவங்க கிளம்புற ஹோமர் துறைமுகத்துல பெரிய ஏத்தம் இருக்கிற நாள்ல அது 8 மீட்டரத் தாண்டும். கட்மாய் பக்கம் அவ்வளவு இல்லன்னாலும் நம்மள விட பல மடங்கு. காலைல தண்ணி விளிம்புல இழுத்துப் போட்ட ரப்பர் போட்டு சாயங்காலம் வந்து பாத்தா சேத்துக்கு நடுவுல கிடக்கும், இல்லன்னா மிதந்து போயிருக்கும். அதனால தான் ஆளுங்கள இறக்கி விட்டுட்டு ஒருத்தர் போட்டோட திரும்பிப் போயிடுறாரு, சொன்ன நேரத்துக்கு வயர்லெஸ்ல பேசிட்டு வந்து ஏத்திக்குவாரு. அந்த ஆளுக்கு ஸ்கீயே தெரியாம இருக்கலாம், ஆனா அந்தக் குழுவுல முதல் சம்பளம் அவருக்குத் தான் குடுக்கணும்னு நான் சொல்லுவேன்.

தூத்தூர்ல இருந்து நர்சிங் படிக்கிற தங்கச்சி: அந்தத் தண்ணியில தவறி விழுந்தா எவ்வளவு நேரம் தாங்கும் அண்ணாச்சி?

நீச்சல் தெரியும்கிற தைரியம் அங்க செல்லாதும்மா. குளிர்தண்ணி பாதுகாப்பு சொல்லிக் குடுக்கிறவங்க ஒரு கணக்கு வச்சிருக்காங்க: 1, 10, 1. முதல் 1 நிமிஷம் மூச்சு வாங்கும், தன்னால இழுக்கும், அந்த நேரத்துல தலை முங்குனா தண்ணிய உள்ள இழுத்துருவோம், அதனால பதறாம மூச்ச அடக்குறது தான் வேலை. அடுத்த 10 நிமிஷம் வரைக்கும் தான் கையும் காலும் சொன்ன பேச்சு கேக்கும், கயிறப் புடிக்கிறதோ போட்டுல ஏறுறதோ அதுக்குள்ள முடிஞ்சிரணும். உடம்பு சூடு இறங்கி நினைவு போக சுமார் 1 மணி நேரம் ஆகும். நிறைய பேர் செத்துப்போறது அந்த ஒரு மணி நேரம் முடிஞ்சு இல்ல, முதல் ரெண்டு கட்டத்துல தான், அதுவும் லைஃப் ஜாக்கெட் போடாதவங்க. நம்ம ஊர்ல ஜாக்கெட்ட மடிச்சு தலைக்கு வச்சுப் படுக்கிறவங்களயும் பாத்திருக்கேன், அது வேற கதை.

செங்கோட்டையில இருந்து ஒரு வாசகர்: அவ்வளவு கஷ்டப்பட்டு படகுல எதுக்குப் போகணும், கார்ல போக முடியாதா?

ரோடே கிடையாதுங்க. கட்மாய் கடற்கரையில ஊரும் இல்ல, ஹோட்டலும் இல்ல, ஸ்கீ லிஃப்டும் இல்ல. மிதவை வச்ச சின்ன விமானம் இறங்கும், ஆனா மேகம் கீழ இறங்கிட்டா அதுவும் வராது. போட்டுன்னா அதுவே வீடு, அடுப்படி, ஈரத்துணி காயப்போடுற இடம் எல்லாம். ஒரு விரிகுடாவுல பனி சரியில்லன்னா நங்கூரத்தத் தூக்கிட்டு அடுத்ததுக்குப் போயிரலாம், இந்த வசதி கூடாரம் போட்டவனுக்குக் கிடையாது.

ஆனா காத்து இருக்கே, அதுதான் வில்லன். அலாஸ்கா பெருநிலத்துக்கும் கோடியாக் தீவுக்கும் நடுவுல ஷெலிகோஃப்னு ஒரு ஜலசந்தி, அகலம் நாப்பது அம்பது கிலோமீட்டர் தான், ரெண்டு பக்கமும் மலை, காத்து நடுவுல மாட்டி வேகமெடுக்கும். நம்ம ஆரல்வாய்மொழிக் கணவாய்ல ஆடி மாசம் நின்னு பாத்தவங்களுக்கு இது புரியும். இது போக, வில்லிவா-ன்னு ஒண்ணு: மலை உச்சியில தேங்குன குளிர்ந்த கனமான காத்து திடீர்னு சரிஞ்சு கடல்ல வந்து விழும். ரெண்டு நிமிஷம் முன்னாடி கண்ணாடி மாதிரி கிடந்த தண்ணியில நங்கூரம் இழுத்துக்கிட்டுப் போற அளவுக்கு அடிக்கும். ராத்திரி முறை வச்சு ஒருத்தர் முழிச்சிருக்கிறது அதுக்குத் தான்.

மூணாறு எஸ்டேட்ல இருந்து ஒரு வாசகி: சறுக்குறது புரியுது. அந்த வழுக்குற கட்டைய மாட்டிக்கிட்டு மேல ஏறுறது எப்படி சார்?

ஸ்கீக்கு அடியில நீளமா ஒரு பட்டை ஒட்டுவாங்க, பேரு ஸ்கின். அந்தக் காலத்துல நிஜமாவே சீல் தோல், இப்போ நைலான் இல்லன்னா அங்கோரா ஆட்டு முடி. அதுல உள்ள மயிர் எல்லாம் பின்பக்கமா படிஞ்சிருக்கும், முன்னால தள்ளுனா வழுக்கிட்டுப் போகும், பின்னால சறுக்கப் பாத்தா மயிர் நிமிந்து பனியில குத்திப் புடிச்சுக்கும். பூட்ஸோட குதிகால் தனியா தூக்கிக்கலாம், முன்பக்கம் மட்டும் பூட்டியிருக்கும், அதனால கால எடுத்து வைக்காம தேய்ச்சுத் தேய்ச்சே நடக்கணும். உச்சிக்குப் போனதும் ஸ்கின்ன உரிச்சு, பசைப்பக்கத்த ஒண்ணோட ஒண்ணு ஒட்டி ஜாக்கெட்டுக்குள்ள நெஞ்சோட வச்சுக்கணும், குளிர்ந்தோ நனைஞ்சோ போச்சுன்னா அடுத்த ஏத்தத்துக்கு பசை புடிக்காது. குதிகாலப் பூட்டிட்டு இறங்க வேண்டியது தான். நாலு மணி நேரம் ஏறுனதுக்கு அரை மணி நேர இறக்கம், இதுக்காடான்னு கேக்காதீங்க, சபரிமலைக்கு எதுக்கு நடந்து போறோம்னு யாராச்சும் கணக்குப் பாக்குறோமா.

நகரியில இருந்து ஒரு பத்தாம் வகுப்பு தம்பி: அண்ணா, எரிமலைன்னா சூடு. பனி எப்படி உருகாம நிக்குது?

நல்ல கேள்விடா தம்பி. பாறை சூட்ட ரொம்ப மெதுவா தான் கடத்தும், அதனால கிலோமீட்டர் கணக்கா கீழ கிடக்கிற பாறைக்குழம்போட சூடு மேல தோலுக்கு வந்து சேர்றதில்ல, ஆவி வர்ற ஓட்டை இருக்கிற இடம் மட்டும் தான் சூடா இருக்கும். ஆபத்தும் அங்க தான். அந்த ஓட்டைக்கு மேல பனி மூடி, அடியில உருகி குகை ஆயிடும், மேல பாத்தா சமமா வெள்ளையா தெரியும். உள்ள கார்பன் டை ஆக்சைடு காத்த விட கனமானதால குழியில தேங்கிக் கிடக்கும். 2006 ஏப்ரல்ல கலிஃபோர்னியாவோட மாமத் மலையில, அதுவும் எரிமலை தான், இந்த மாதிரி ஒரு ஓட்டையைச் சுத்தி வேலி கட்டிக்கிட்டிருந்த ஸ்கீ பாதுகாப்புக்காரங்க பனி இடிஞ்சு உள்ள விழுந்தாங்க, காப்பாத்தப் போனவர் உட்பட 3 பேர் போயிட்டாங்க. அங்க ஆபத்துன்னு தான் வேலியே கட்டுனாங்க, பாரு.

சாம்பல் இன்னொரு வேடிக்கை. பனி மேல மெல்லிசா படிஞ்சா கறுப்பு வெயில உறிஞ்சி சீக்கிரம் உருக்கும், தடிமனா படிஞ்சா வெயில் உள்ள போகாம போர்வையா காக்கும். கட்மாய் பக்கம் 1912-ல எரிமலை வெடிச்சு விழுந்த சாம்பல் மூடுன பனியாறுங்க இன்னிக்கும் அப்படியே இருக்கு.

குமுளியில இருந்து ஓய்வு பெற்ற ஆசிரியர்: 1912 வெடிப்பு பத்தி இன்னும் கொஞ்சம் விவரம் எழுதலாமே?

எழுதுறேன் சார். 1912 ஜூன் 6-ந்தேதி ஆரம்பிச்சு சுமார் 60 மணி நேரம். இருபதாம் நூற்றாண்டுலயே பெருசு அது தான், 1980-ல அமெரிக்காவுல வெடிச்ச செயின்ட் ஹெலன்ஸ விட 30 மடங்கு குழம்பு வெளிய வந்துச்சு. வேடிக்கை என்னன்னா வெடிச்சது நோவரப்டாங்கிற இடத்துல, உச்சி உள்வாங்கி இடிஞ்சது 10 கிலோமீட்டர் தள்ளி இருக்கிற கட்மாய் மலையில, கட்மாய்க்கு அடியில இருந்த குழம்பு பூமிக்குள்ளயே நோவரப்டாவுக்கு வடிஞ்சு வந்துருச்சு. இடிஞ்ச பள்ளத்துல இப்போ ஏரி. ரொம்ப நாளா எல்லாரும் வெடிச்சதே கட்மாய் தான்னு நெனச்சுக்கிட்டிருந்தாங்க. கோடியாக் ஊர்ல ஒரு அடி சாம்பல், கைய நீட்டி விளக்கப் புடிச்சா விளக்கு தெரியலன்னு எழுதி வச்சிருக்காங்க. 1916-ல ராபர்ட் கிரிக்ஸ்ங்கிற தாவரவியல்காரர் போய் ஒரு பள்ளத்தாக்கு முழுக்க ஆவி கிளம்புறதப் பாத்து பத்தாயிரம் புகைகளின் பள்ளத்தாக்குன்னு பேர் வச்சாரு, இப்போ அந்தப் புகையெல்லாம் அனேகமா அடங்கிருச்சு.

அங்க காலங்காலமா இருந்த அலுட்டிக் மக்கள் தான் பாவம். கட்மாய் கிராமத்த விட்டுட்டுக் கிளம்பி, தெற்க பெரிவில்லிங்கிற புது ஊர்ல குடியேறுனாங்க, காப்பாத்தின கப்பலோட கேப்டன் பேரு தான் அந்த ஊருக்கு. இன்னிக்கு ஸ்கீக்காரங்க ஆள் நடமாட்டமே இல்லாத காடுன்னு சிலாகிக்கிறாங்களே, அது எப்பவும் ஆள் இல்லாத இடம் இல்ல சார். ஆளுங்க கிளம்ப வேண்டியதாப் போன இடம். காத்து பலமா அடிச்சா அந்த 1912 சாம்பல் இப்பவும் கிளம்பி கோடியாக் வரைக்கும் போகுது, விமானங்களுக்கு எச்சரிக்கை குடுப்பாங்க.

கொழிஞ்சாம்பாறையில இருந்து ஒரு வாசகர்: பனிச்சரிவு வருமா?

வரும். கடலோரப் பனி ஈரமா கனமா இருக்கும், 30-லேர்ந்து 45 டிகிரி சரிவு தான் அதுக்குப் புடிச்ச இடம், சறுக்குறவனுக்கும் அதே சரிவு தான் புடிக்கும், அங்க தான் சிக்கல். ஏப்ரல் மே மாசத்துல வானம் தெளிவா இருந்தா ராத்திரி பனி இறுகும், காலைல மேல் தோல் மட்டும் இளகி சறுக்க சுகமா இருக்கும். ராத்திரி மேகம் போர்த்துக்கிட்டு இருந்தா இறுகவே இறுகாது, காலைல நாம நல்லா தூங்கி எந்திரிச்சு கதகதப்பா இருக்குதேன்னு சந்தோஷப்பட்டா மலை இறங்கி வரத் தயாரா நிக்குதுன்னு அர்த்தம். ஒவ்வொருத்தர் நெஞ்சுலயும் 457 கிலோஹெர்ட்ஸ்ல ரேடியோ சிக்னல் அனுப்புற சின்ன கருவி, பையில மண்வெட்டி, குத்திப் பாக்குற நீளக் கம்பி இருக்கணும். புதைஞ்சவர முதல் பத்து பதினஞ்சு நிமிஷத்துக்குள்ள தோண்டணும், அதுக்கப்புறம் பிழைக்கிற வாய்ப்பு மளமளன்னு குறையும். ஹெலிகாப்டர் அதுக்குள்ள வராது. கூட நிக்கிற நாலு பேர் தான் ஆம்புலன்ஸ்.

புத்தூர்ல இருந்து ஒருத்தர்: கரடி?

இருக்கு, கட்மாய்ல மட்டும் சுமார் 2,200 பழுப்புக் கரடி. குளிர்காலம் பூரா மலைச்சரிவுல குழி தோண்டித் தூங்கிட்டு வசந்தத்துல எந்திரிச்சு கரைக்கு வந்து புல்லு மேயும், சேத்தக் கிளறி மட்டி திங்கும். நாம ஏறுற நேரம் அது இறங்குற நேரம். சத்தம் போட்டுக்கிட்டே போகணும், கிட்டப் போய் செல்ஃபி கேக்கக் கூடாது. போட்டுல தூங்குறதுல இதுவும் ஒரு நிம்மதி.

பாறசாலையில இருந்து ஒரு இளைஞர்: நானும் போகணும் அண்ணாச்சி, எங்கேர்ந்து ஆரம்பிக்க?

குல்மார்க்ல இருந்து. மத்திய சுற்றுலா அமைச்சகத்தோட பனிச்சறுக்கு, மலையேற்றப் பயிற்சி நிலையம் அங்க இருக்கு, குளிர்காலத்துல வகுப்பு நடக்கும், உத்தராகண்ட் ஔலியிலயும் கத்துக்கலாம். லிஃப்ட் இருக்கிற சரிவுல விழாம இறங்க வந்ததும் ஸ்கின் மாட்டி ஏறக் கத்துக்க, அப்புறம் பனிச்சரிவு கோர்ஸ், அதுக்கப்புறம் தான் அலாஸ்காவப் பத்தி யோசிக்கணும், இந்த வரிசைய மாத்துனா நான் பொறுப்பில்ல. செலவுல பெருசு போட்டு வாடகை தான், அங்க சின்ன சார்ட்டர் போட்டுல பெரும்பாலும் காசு குடுத்து வர்றவங்க 6 பேருக்கு மேல ஏத்த அனுமதி கிடையாது, அந்த ஆறு பேருக்குள்ள தான் பங்கு. டூரிஸ்ட் விசாவுல போய் அங்க போட்டுல வேலைக்கு நின்னுக்கலாம்னு எழுதியிருக்கியே தம்பி, அது நடக்காது, மாட்டுனா அடுத்த தடவ விசாவே கிடையாது.

கொல்லங்கோட்டுல இருந்து ஒரு சேச்சி: பனி வேண்டாம், எரிமலைய கடல்ல இருந்து பாத்தா போதும். நம்ம நாட்டுல உண்டா?

உண்டு சேச்சி, அந்தமான்ல பாரன் (Barren) தீவு, போர்ட் பிளேர்ல (இப்போ பேரு ஸ்ரீ விஜயபுரம்) இருந்து வடகிழக்கா சுமார் 140 கிலோமீட்டர், இந்தியாவுல உயிரோட இருக்கிற ஒரே எரிமலை. ரொம்ப காலம் சும்மா கிடந்து 1991-ல திரும்ப ஆரம்பிச்சுது. தீவுல இறங்க விட மாட்டாங்க, படகுல இருந்தே பாத்துட்டுத் திரும்பணும், கடல் சும்மா இருக்கிற மாசமா பாத்து கிளம்புங்க, வாந்தி மாத்திரைய டாக்டர்கிட்ட கேட்டு படகு ஏறுறதுக்கு முன்னாடியே போட்டுக்கங்க, குமட்ட ஆரம்பிச்சப்புறம் போட்டா அது வயித்துல தங்காது.