பூவும் மாவும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

ராயக்கோட்டை பக்கம் சாமந்தியும் ரோஜாவும் போடுகிற குடும்பம் எங்களுடையது. மகள் அரசுப் பள்ளியில் ஏழாவது படிக்கிறாள். போன வாரம் இங்கிலீஷ் டெஸ்ட்டில் 'அம்மா ஒரு கிலோ மாவு வாங்கினாள்' என்று எழுத வேண்டிய இடத்தில் பூவுக்கான ஸ்பெல்லிங்கைப் போட்டுவிட்டாள். சிவப்பு மையில் சுழித்துக் கொடுத்திருக்கிறார்கள். "ரெண்டும் ஃப்ளவர்தானேப்பா, சத்தம் ஒண்ணா இருக்கறப்ப எழுத்து மட்டும் ஏன் வேற?" என்று கேட்கிறாள். இங்கிலீஷ் ஒழுங்கில்லாத பாஷை, மனப்பாடம் பண்ணிக்கோ என்று சொல்லிவிட்டேன். நான் சொன்னது சரிதானா? பத்தாவதோடு நின்றவன் நான். இந்த மாதிரிச் சொற்களைப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்க ஏதாவது வழி இருக்கிறதா?

ஒரு வாசகர்,
ராயக்கோட்டை

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் மகள் கேட்டது நல்ல கேள்வி. மனப்பாடம் பண்ணு என்று சொல்லி அதை மூடிவிடாதீர்கள்.

இன்றைய வழக்குப்படி அவள் எழுதியது பிழைதான். ஆனால் அந்த இரண்டும் ஒரு காலத்தில் ஒரே சொல். பிரெஞ்சில் பூவைக் குறித்த சொல் ஆங்கிலத்துக்கு வந்தது. கோதுமையை அரைத்துச் சலிக்கும்போது தவிடும் திப்பியும் போக, கடைசியில் விழுகிற நைஸ் மாவைக் கோதுமையின் பூ என்றார்கள். தானியத்தின் ஆகச் சிறந்த பகுதி அது என்று பொருள். வெகுகாலம் இரண்டையும் ஒரே மாதிரி எழுதியிருக்கிறார்கள். 1755இல் வெளிவந்த சாமுவேல் ஜான்சனின் புகழ்பெற்ற அகராதிகூட மாவைத் தனிச்சொல்லாகப் பிரிக்கவில்லை, பூவோடு சேர்த்தே வைத்திருக்கிறது. ஸ்பெல்லிங் திட்டமாகப் பிரிந்தது அதற்குப் பிறகுதான். இந்தக் கதையை மகளிடம் சொல்லுங்கள். பூ விற்கிற வீட்டுப் பிள்ளைக்கு அது மறக்காது.

மற்ற சொற்கள் பெரும்பாலும் இதற்கு நேர்மாறானவை. வேறு வேறு ஓசையோடு இருந்து, பிற்பாடு ஒன்றாகிப்போனவை. சந்திப்பதற்கும் 'மீட்', இறைச்சிக்கும் 'மீட்'. முன்னதில் இரண்டு 'இ', பின்னதில் 'இ'யும் 'ஏ'யும். இறைச்சியைக் குறிக்கிற சொல்லை முன்பு ஏறக்குறைய 'மேட்' என்று ஏகாரத்தோடுதான் சொன்னார்கள். பதினைந்தாம் நூற்றாண்டு தொடங்கி முந்நூறு வருடங்களுக்குள் ஆங்கிலத்தின் நெடில் ஓசைகள் இடம் மாறின. வில்லியம் காக்ஸ்டன் இங்கிலாந்தில் அச்சுக்கூடம் வைத்தது 1476இல். அச்சு வந்ததும் எழுத்து மெல்ல மெல்ல நிலைத்துவிட்டது, வாய் மட்டும் மாறிக்கொண்டே போனது. பழைய ஏகாரம் அடியோடு அழிந்துவிடவும் இல்லை: 'கிரேட்', 'பிரேக்' இரண்டிலும் அதே 'இ-ஏ' எழுத்துகள்தான், ஓசை இன்றும் ஏகாரம்தான். போர்வீரனைக் குறிக்கிற 'நைட்' சொல்லின் முன்னால் சும்மா நிற்கிற 'கே'யையும் ஒரு காலத்தில் வாய்விட்டு உச்சரித்தார்கள்.

இதைப் புரிந்துகொள்ள நாம் இங்கிலாந்துவரை போக வேண்டாம். கரை, கறை. அரை, அறை. இரை, இறை. உங்கள் ஊர்ப் பேச்சில் இவற்றை யார் பிரித்துச் சொல்கிறார்கள்? ஆனால் நுனிநாக்கு அண்ணத்தை ஒற்றினால் றகரம், வருடினால் ரகரம் என்று தொல்காப்பியம் தெளிவாகவே பிரிக்கிறது. நாக்கு விட்டுவிட்டதை எழுத்து பிடித்து வைத்திருக்கிறது. ராயக்கோட்டை, ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் பல வீடுகளில் பேசுகிற தெலுங்கிலும் கன்னடத்திலும் றகரத்துக்குத் தனி எழுத்து இருந்தது. பேச்சில் வேறுபாடு போனபின் அந்த எழுத்தும் வழக்கொழிந்தது. தமிழ் அதை விடவில்லை. ஆங்கிலத்தை ஒழுங்கில்லாத பாஷை என்றால் நம்முடையதையும் அப்படித்தான் சொல்ல வேண்டிவரும். எனக்கு அதில் சம்மதம் இல்லை.

இன்னொரு வகைக் குழப்பம் உண்டு, அது ஆங்கிலத்தால் வந்ததல்ல. மகளின் இங்கிலீஷ் புத்தகத்தைத் திறந்து பாருங்கள். வரிகளுக்கு மேலே பென்சிலில் பொடி எழுத்தாகத் தமிழில் உச்சரிப்பு எழுதியிருக்கக்கூடும். அநேகமாக எல்லாப் பிள்ளைகளும் செய்வதுதான். அப்படி எழுதினால் தோளில் மாட்டுகிற பையும் 'பேக்', முதுகும் 'பேக்', மூட்டை கட்டுவதும் 'பேக்', ரொட்டி சுடுவதும் 'பேக்'. ஆங்கிலத்தில் நான்கும் நான்கு விதமாக ஒலிப்பவை. எழுதிப் படிக்கும்போது அந்த வேற்றுமை கண்ணிலேயே பட்டுவிடுகிறது. பென்சில் எழுத்துதான் அதை மறைக்கிறது. அந்தப் பழக்கத்தை இந்த வருடமே நிறுத்தச் சொல்லுங்கள். நீங்களும் கூட உட்கார்ந்து, சொல்லைக் காதால் கேட்க வையுங்கள். போனில் இருக்கிற அகராதியே வாசித்துக் காட்டும்.

சொல்லிக்கொடுக்கும் வழி கேட்டீர்கள். ஒரே ஓசை உள்ள இரண்டு சொற்களை ஒரே நாளில் ஜோடியாகக் கொடுக்காதீர்கள், இரண்டும் பின்னிக்கொள்ளும். ஒவ்வொன்றையும் அதன் சொந்தபந்தங்களோடு கொடுங்கள். இங்கே என்பதற்கு 'ஹியர்', அங்கே என்பதற்கு 'தேர்', எங்கே என்பதற்கு 'வேர்'. மூன்றையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதச் சொன்னால், நம் மூன்று சொல்லிலும் 'ங்கே' இருப்பதுபோல அந்த மூன்றிலும் 'ஹியர்' முழுசாக உட்கார்ந்திருப்பதை அவளே கண்டுபிடிப்பாள். கேட்பதைக் குறிக்கிற 'ஹியர்' வேறு வீட்டுப் பிள்ளை. அதற்குள்ளே காதைக் குறிக்கிற 'இயர்' இருக்கிறது. எழுதுவதைக் குறிக்கிற 'ரைட்'டை 'ரைட்டர்', 'ரோட்', 'ரிட்டன்' ஆகியவற்றோடு எழுதட்டும், எல்லாவற்றிலும் முதலில் 'டபிள்யூ' நிற்கும். சரி என்னும் 'ரைட்'டை வெளிச்சத்தைக் குறிக்கிற 'லைட்'டோடு சேர்க்கட்டும்.

கடைசியாக, டிக்டேஷன். இந்தச் சொற்களைத் தனியாக வாசித்து எழுதச் சொன்னால் இங்கிலாந்தில் பிறந்த பிள்ளையும் எதை எழுதுவது என்று கேட்கத்தான் செய்யும். வாக்கியத்தோடு சொன்னால்தான் பொருள் தெரியும், பொருள் தெரிந்தால்தான் ஸ்பெல்லிங். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்குப் போகும்போது, இப்படிப்பட்ட சொற்களை வாக்கியத்தில் வைத்துச் சொல்லும்படி டீச்சரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பத்தாவதோடு நின்றவன் என்று தயங்க வேண்டாம். பெற்றோர் கேட்க வேண்டிய விஷயம்தான் இது.

அன்புடன்