திருகோணமலை சுவாமி மலையில் உள்ள பிளவான இராவணன் வெட்டை அலைதான் அறுத்ததா?

அலை மட்டும் இல்லை, வெடிப்பு முதலே இருந்தது. சுவாமி மலை குவாட்சைட் பாறை. அதிலுள்ள குவாட்ஸ் என்ற கனிமத்தின் கடினம், 1 முதல் 10 வரையான மோஸ் அளவில் 7. பேனாக்கத்தியால் கீறினால் பாறையில் கோடு விழாது, கத்தியின் இரும்புதான் சாம்பல் கறையாக ஒட்டும். மழைநீரிலும் லேசில் கரையாது. ஆனால் மூட்டுகள், அதாவது நெட்டுக்குத்தான வெடிப்புகள், இருந்தால் கதை வேறு. வாடைக்காற்றுக் காலத்தில் மோதும் அலை வெடிப்புக்குள் காற்றை நெரிக்கும். அலை பின்வாங்கும்போது அந்தக் காற்று சட்டென்று விரிந்து கல்லை நெம்பும். உப்புநீர் காய்ந்து படிகமாவதும் ஓரங்களை உதிர்க்கும். அடி அரிபட்டால் மேற்பாறை வெடிப்பு வழியே பாளமாகச் சரியும். செங்குத்து முகம் அப்படி வந்ததுதான்.

அருகிலுள்ள கொட்டியாரக்குடா மணலை இதோடு குழப்ப வேண்டாம். அதில் பெரும்பங்கு மகாவலி ஆறு கொண்டுவந்தது.